ரெண்டு தலைக்குத் தண்ணிக்காசு

எங்க வடிவக்கா காம்பவுண்டுல வாடகை வேற, தண்ணிக்காசு வேற. எட்டு வீடு, ஒரே வரிசை, முன்னால ஒரு பொதுத் தொட்டி. பத்து நாளைக்கு ஒருக்கா முனிசிபாலிட்டித் தண்ணி வந்தா வரும், வராட்டி லாரித் தண்ணி. அந்த லாரிக்காசைத் தலைக்கு நூறு ரூபான்னு பிரிச்சு எழுதிக்கிட்டு, மாசம் பிறந்தா அஞ்சாந்தேதி காலையில நோட்டும் கையுமா வந்து நிப்பாக வீட்டுக்காரி சண்முகவடிவு அக்கா. கோவில்பட்டியில தங்கம்கூடத் தவணைக்குக் கிடைக்கும், தண்ணி கிடைக்காது. கைப்பிள்ளைன்னா ஆறு மாசம் வரைக்கும் தலை கிடையாது, ஏழாம் மாசத்துலருந்து தலை. விருந்தாளி எட்டு நாள் தங்கினா அரைத் தலை. என் மாமியா ஒன்பது நாள் தங்கிட்டுப் போனதுக்கு முழுத் தலை போட்டு வாங்கின மகராசி அவுக. ரெண்டாம் நம்பர் வீட்டுல தையல் மிசினை மிதிச்சுக்கிட்டு உக்காந்திருக்குற இந்தச் செண்பகம் அதை இன்னும் மறக்கல.

அப்பேர்ப்பட்ட வடிவக்கா, அஞ்சாம் நம்பர் வீட்டுச் சிகாமணி அண்ணாச்சிகிட்ட மட்டும், அவுக சம்சாரம் ஆவுடை மதினி செத்துப் பதினாலு மாசம் ஆகியும், மாசாமாசம் ரெண்டு தலைக்குத் தண்ணிக்காசு வாங்கிக்கிட்டிருந்தாக. அண்ணாச்சி இருநூறை நீட்டுவாக, அக்கா இருநூறை வாங்கி முந்தியில முடிஞ்சுக்கிடுவாக, ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேச மாட்டாக. செத்தவ தலைக்கும் காசு வாங்குதா பாருன்னு நாங்க ஏழு வீட்டுக்காரிகளும் தொட்டிப் பக்கம் நின்னு கரிச்சுக் கொட்டினோம். பேசினதுல பாதி நான் பேசினது, அதை மறைச்சு என்ன ஆகப் போகுது.

சிகாமணி அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். காலையில ஆறு மணிக்குக் கிளம்புவாக, மத்தியானம் மூணு மணிக்கு வருவாக. கிளம்பையில வாசப்படியில நின்னு உள்ள பாத்து, "ஆவுடை, வாரேன்" அப்படிம்பாக. திரும்பி வந்து செருப்பைக் கழட்டிப் போட்டு, "ஆவுடை, வந்துட்டேன்" அப்படிம்பாக. இருபத்தாறு வருசமா இந்த ரெண்டு வார்த்தையை வச்சுத்தான் எங்க காம்பவுண்டே கடிகாரம் பாத்துச்சு. "வாரேன்" கேட்டா பிள்ளைகளை எழுப்புவோம், "வந்துட்டேன்" கேட்டா காயுற துணியை எடுப்போம். இந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல மதினி செய்யுற வேலை ஒண்ணே ஒண்ணுதான். பன்னெண்டு மணிக்குள்ள பொங்கிப் பூசி எல்லாத்தையும் மூடி வச்சிட்டு, நடுவீட்டுச் சுவத்துல, வாசல் தெரியுற இடமாப் பாத்து, காலை நீட்டித் தலையைச் சாய்ச்சு உக்காந்துக்கிடுவாக. சாப்பிட மாட்டாக. நானும் எத்தனையோ தடவை சண்டை போட்டுப் பாத்திருக்கேன். "மதினி, குடல் காயுது, ரெண்டு வாய் போட்டுக்கிட்டாத்தான் என்ன" அப்படின்னா, "அவுக வந்துறட்டும் செண்பகம்" அப்படிம்பாக. இருபத்தாறு வருசமா ஒரே இடத்துல சாஞ்சு சாஞ்சு, அந்தச் சுவத்துல உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை ஏறிப் போச்சு.

மதினி போன அன்னிக்கு பைபாஸ்ல லாரி கவுந்து பஸ்ஸெல்லாம் மறிச்சு நின்னு போச்சு. எந்த வண்டி எப்ப வந்துச்சுன்னு எழுதாம டைம் கீப்பர் நகர முடியாது. மணி மூணும் ஆச்சு, நாலும் ஆச்சு. நான் கருவேப்பிலை கேட்டு அஞ்சாம் நம்பருக்குப் போனேன். மதினி சாஞ்சபடிக்கு உக்காந்திருந்தாக, கண்ணு வாசலைப் பாத்துத் திறந்திருந்துச்சு, சோறு மூடினது மூடினபடி இருந்துச்சு. "மதினி"ன்னு தோளைத் தொட்டேன். தொட்டதும் தெரிஞ்சு போச்சு.

அண்ணாச்சி அஞ்சரைக்கு மேல வரையில வாசல் பூராவும் ஆளு. அவ்வளவு கூட்டத்தைப் பாத்து எந்த மனுசன் வந்துட்டேன்னு சொல்லுவான். செருப்பைக் கூடக் கழட்டாம, விலகி வழிவிட்டவுகளுக்கு நடுவுல தலையைக் குனிஞ்சுக்கிட்டு உள்ள போனாக, அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு மறுநாள்தான் சுவத்தை நான் கவனிச்சேன். கறை காயல. எண்ணெய் அப்பத்தான் வச்ச தலை சாஞ்சது கணக்கா மினுங்கிச்சு, தொட்டா வெதுவெதுன்னு இருந்துச்சு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சீயக்காய் வாசம் அடிச்சுச்சு. எட்டாம் நம்பர் மாடத்தி அது ஓதம்னு சொன்னா, ஏழாம் நம்பர்க்காரர் பக்கத்து வீட்டு அடுப்புச் சூடு இறங்குதுன்னு சொன்னாரு, சரி தெரிஞ்ச ஆளைக் கேப்போம்னு கொத்தனாரைக் கூட்டிட்டு வந்தோம். அவரு கரண்டியால சுத்திலும் தட்டிப் பாத்தாரு, கையை வச்சுப் பாத்தாரு, காதையும் வச்சுப் பாத்தாரு. "இது ஓதம் இல்லம்மா, தலைச்சூடு"ன்னு சொல்லிட்டு, வந்த கூலி இருநூறை வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் யாரும் அதைப் பத்திக் கேள்வி கேக்கல. தொட்டியில தண்ணி எத்தனை அடி கிடக்குன்னு கேக்குறதுக்கே எங்களுக்குப் பொழுது பத்தல.

ஆனா சாஞ்சுக்கிட வந்தோம். முதல்ல நான்தான் போனேன், ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. மதினிக்குப் பக்கத்துல, கறையில படாம, ஒரு சாண் தள்ளி உக்காந்து தலையைச் சாய்ச்சேன், சுவத்துக்குள்ள பக்கத்துல ஒருத்தி சாஞ்சிருக்குற கனம் தெரிஞ்சுச்சு, கண்ணுல தண்ணி வந்துச்சு, அப்படியே அரை மணி நேரம் தூங்கிட்டேன். கல்யாணம் ஆன பதினெட்டு வருசத்துல பகல்ல நான் தூங்கினது அன்னிக்குத்தான். பிறகு மாடத்தி வந்தா, ஒத்தத் தலைவலிக்காரி. பிறகு கடலைமிட்டாய்க் கம்பெனியில பாக்கெட் ஒட்டுற பிள்ளைக சாப்பாட்டு நேரத்துல ரெண்டு ரெண்டு பேரா வந்தாக, பரிச்சைக்குப் படிக்கிற பிள்ளை வந்தா, மகன் பேசாம இருக்கான்னு ஒரு தாய் வந்தா, சிலிண்டர் போடுற தம்பி சிலிண்டரை வாசல்ல வச்சிட்டு அஞ்சே நிமிசம் சாஞ்சிக்கிடுறேன் அண்ணாச்சின்னு கேட்டு வந்தான். செருப்பை வெளிய விடணும், சத்தம் போடக் கூடாது, கறை மேல சாயக் கூடாது, மூணு மணிக்குள்ள எந்திரிச்சுறணும்னு நாங்களே ஒரு சட்டம் போட்டுக்கிட்டோம். பூக்காரம்மா ஒருத்தி சுவத்துக்கு ஒரு முழம் சாத்தணும்னு வந்தா, இன்னொருத்தி மஞ்சளும் குங்குமமும் கொண்டாந்தா, உண்டியல் வச்சா வருமானம் வரும்னு ஒருத்தரு யோசனையும் சொன்னாரு. அன்னிக்குத்தான் அண்ணாச்சி வாயைத் திறந்தாக. "அவ சாமி இல்லம்மா. சும்மா சாஞ்சிருக்கா. பூவை எடுத்துக்கிட்டுப் போங்க."

பொங்கலுக்கு வடிவக்கா வழக்கம்போலக் காம்பவுண்டு பூராவும் வெள்ளையடிச்சாக. அந்தச் சுவத்துலயும் ரெண்டு கோட் அடிச்சாக. மூணு மணிக்குக் கறை பழையபடி வந்துருச்சு. அக்கா நோட்டுல சுண்ணாம்புக் கணக்கை மட்டும் எழுதிக்கிட்டாக.

ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். மூணு மணி ஆச்சுன்னா கறை நாலு விரல் மேல ஏறும், சாஞ்சிருந்தவ தலையை நிமித்தி வாசலைப் பாக்குறது அப்படித்தான் இருக்கும். அண்ணாச்சி வருவாக. ஆனா முன்ன மாதிரி வர மாட்டாக. செருப்பைக் காம்பவுண்டு கேட்டுலயே கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, சொந்த வீட்டுக்குள்ள திருடன் நுழையுற மாதிரி அடி மேல அடி வச்சு, வாயைத் திறக்காம உள்ள போவாக. கொஞ்ச நேரம் கழிச்சுக் கறை மெள்ள இறங்கும். வந்துட்டேன்னு இனிமே யாருகிட்டச் சொல்லுவாக பாவம்னு நான் நினைச்சுக்கிட்டேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில அண்ணாச்சி ரிட்டயர் ஆனாக. திருப்பூர்ல இருக்குற மக முத்துச்செல்விக்குப் பிள்ளை பிறந்துச்சு. மருமகன் ஒரு சிப்டு, மக ஒரு சிப்டு, பிள்ளையைப் பாக்க ஆள் கிடையாது. "அப்பா, நீங்க வந்தாத்தான் எனக்கு வேலை நிலைக்கும்"னு போன்ல அழுதா. பெத்த பிள்ளை அழுது கூப்பிட்டா என்ன செய்ய. வீட்டைக் காலி பண்ணுறேன்னு அண்ணாச்சி வடிவக்காகிட்டச் சொன்னாக, சொல்லிட்டு அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. வடிவக்காவும் புதுசாக் கல்யாணம் ஆன ஒரு சோடிக்கு வீட்டைப் பேசி முடிச்சிட்டாக.

காலி பண்ணுற அன்னிக்கு வாசல்ல டெம்போ வந்து நின்னுச்சு. பீரோ, கட்டில், மதினியோட அண்டா குண்டா எல்லாம் ஏறிருச்சு. வெறும் வீட்டுல பேசினா எதிரொலிச்சுச்சு. வடிவக்கா நோட்டோட வந்து நடுவீட்டுத் தரையில உக்காந்தாக, அண்ணாச்சி எதுத்தாப்புல உக்காந்தாக, நாங்க நாலஞ்சு பேரு வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். பாதிப் பேரு மத்தியானம் சாஞ்சுக்கிட இனிமே எங்க போகன்னு தெரியாம நின்னவுக.

"அட்வான்ஸ் முப்பதாயிரம்" அப்படின்னாக அக்கா. "அதுல கரண்ட்டு நானூத்திப் பத்து. குழாய் மாத்தினது நூத்தி எம்பது. பாத்ரூம் கொண்டி நூத்தியிருபது. சுவத்துல ஆணி ஓட்டை பதினேழு, ஓட்டைக்கு அஞ்சு ரூபா."

"பதினாறுதான் வடிவம்மா. வாசலுக்கு மேல உள்ளது உங்க மாமனார் காலத்து ஆணி."

அக்கா நிமிந்து பாத்தாக. "சரி, பதினாறு." நோட்டுல அடிச்சுத் திருத்தினாக. பிறகு பேனாவை மூடிட்டு, நோட்டைப் பாக்காமச் சொன்னாக: "நடுவீட்டுச் சுவரு கொத்திப் பூசணும். நாலாயிரம்."



"தலையிலயா கொத்தப் போறீக?" அப்படின்னு கேட்டாக அண்ணாச்சி.

"நான் கொத்தாட்டி வர்றவுக துளை போடுவாக அண்ணாச்சி. அந்தச் சுவத்துலதான் டிவி மாட்டணுமாம்."

"முப்பதாயிரத்தையும் நீங்களே வச்சுக்கோங்க. வாடகையை மாசாமாசம் நான் திருப்பூர்லருந்து அனுப்பிருறேன். வீட்டைப் பூட்டியே வச்சிருங்க. அவ ஒருத்திதான. ரெண்டு தலைக்கும் தண்ணிக்காசு தாரேன்."

"பூட்டின வீட்டுக்குள்ள, பச்சத் தண்ணி குடிக்காம, இன்னும் எத்தனை வருசத்துக்கு அவுகளை உக்கார வைப்பீக?"

வடிவக்கா இடுப்புலருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து, அதுக்குள்ள இருந்த நோட்டுகளை எடுத்து அவுக முன்னால வச்சாக. எல்லாம் நூறு நூறாத் தனியா மடிச்சது. "பதினாலு மாசத்து இன்னொரு தலைக்காசு, ஆயிரத்து நானூறு. ஒரு தலைக்குத்தான் தண்ணி விட்டேன், ஒரு தலைக்குத்தான் எனக்குச் சேரும். எண்ணிக்கோங்க."

எங்களுக்கு மூஞ்சியைக் கொண்டு எங்க வைக்கன்னு தெரியல. தொட்டிப் பக்கம் நின்னு பேசின பேச்செல்லாம் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

"அப்ப ஏன் மாசாமாசம் வாங்கினீக?" அப்படின்னாக அண்ணாச்சி.

"வேண்டாம்னு திருப்பிக் கொடுத்தா, மதினி இல்லன்னு உங்க வாசல்ல நின்னு நான் சொன்னதா ஆயிரும். அந்தச் சொல்லை நான் எப்படிச் சொல்லுவேன்."

அண்ணாச்சி காசைத் தொடல. தொடாம, பையைப் பாத்துக்கிட்டே, யாருகிட்டயோ பேசுற மாதிரிப் பேசினாக. "நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் வடிவம்மா. அன்னிக்குக் காலையில அவகிட்ட வாரேன்னு சொல்லிட்டுப் போனேன். வந்தேன். வந்து சொல்லல. அன்னிக்குச் சொல்ல முடியல. பிறகு சுவரு காயலேன்னதும் எனக்கு விளங்கிருச்சு, அவ இன்னும் நான் வரலேன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. ஒரு வார்த்தை சொன்னா எந்திரிச்சுருவா. எந்திரிச்சா போயிருவாளே. அதான் பதினாலு மாசமா என் வீட்டுக்குள்ள நானே களவாணி மாதிரி வந்து போய்க்கிட்டிருந்தேன். அவ பசியோட இருக்கான்னு தெரிஞ்சேதான் இருந்தேன்." துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டாக. நானும் அழுதேன், மாடத்தியும் அழுதா.

வடிவக்கா அழல. அவுக கதை ஊருக்கே தெரியும். கல்யாணம் ஆகி மூணாம் வருசம் அவுக வீட்டுக்காரரு பம்பாய்க்கு வேலைக்குப் போனாரு, வாரேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு, இருபத்திரெண்டு வருசம் ஆச்சு, கடுதாசியும் இல்ல, ஆளும் இல்ல. அதை அவுக வாயால நாங்க கேட்டதில்ல. அன்னிக்குக் கேட்டோம்.

"இன்னிக்கும் வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா என் கழுத்து தானாத் திரும்புது அண்ணாச்சி. திரும்பித் திரும்பி வலிக்குது. எனக்குச் சொல்ல ஆள் இல்ல. மதினிக்கு நீங்க இருக்கீக. சொல்லிருங்க."

நான் வீட்டுக்கு ஓடினேன். அன்னிக்கு எங்க வீட்டுல புளிக்குழம்பும் அவரைக்காய்ப் பொரியலும். ஒரு தட்டுல சோத்தைப் போட்டு, இன்னொரு தட்டால மூடி, சொம்புல தண்ணியும் எடுத்துட்டு வந்து, மதினி வைக்கிற இடத்துலயே வச்சேன். மணி மூணாகப் பத்து நிமிசம் இருந்துச்சு. கறை அதுக்குள்ள மேல ஏறிருந்துச்சு.

அண்ணாச்சி எந்திரிச்சு வெளிய போனாக. செருப்பை மாட்டிக்கிட்டு, டெம்போவைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, தெரு முக்கு வரைக்கும் நடந்து போனாக. முக்குல இருக்குற தீப்பெட்டி ஆபீஸ் சுவரைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னாக. பஸ் ஸ்டாண்டுலருந்து வர்ற ஆளு எப்படி வருவாரோ அப்படித் திரும்பி நடந்து வந்தாக. பதினாலு மாசம் கழிச்சு அந்தச் செருப்புச் சத்தம் காம்பவுண்டுக்குள்ள கேட்டுச்சு. எட்டு வீட்டுலயும் செய்யுற வேலையை விட்டுட்டு வாசலுக்கு வந்துட்டாக. பின்னால சந்துக் கொடியில எவளோ பழைய பழக்கத்துல தன்னை அறியாமத் துணியை எடுக்க ஆரம்பிச்சுட்டா.

அண்ணாச்சி வாசப்படியில செருப்பைக் கழட்டிப் போட்டாக, ரெண்டு தடவை சத்தம் கேட்டுச்சு. உள்ள பாத்துச் சொன்னாக:

"ஆவுடை, வந்துட்டேன். இன்னிக்கு லேட்டாயிருச்சு."

சொல்லிட்டு உள்ள போயி, சுவத்துக்குப் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்து, மூடியிருந்த தட்டை எடுத்துச் சாப்பிட்டாக. ஒரு பருக்கை விடாமச் சாப்பிட்டாக. இடையில ஒரு தடவை, "அவரைக்காய்க்கு உப்புக் கம்மி"ன்னு சொன்னாக. அது எனக்குச் சொன்னதா மதினிக்குச் சொன்னதான்னு தெரியல, ஆனா உப்புக் கம்மிதான். அவுக சாப்பிடச் சாப்பிட, கழுவின தரை வெயில்ல காயுறாப்புல, ஓரத்துலருந்து கறை காஞ்சுக்கிட்டே வந்துச்சு. உள்ளங்கை அகலம் இருந்தது எலுமிச்சம்பழ அளவாச்சு, பிறகு ஒரு ரூபாக் காசு அளவாச்சு. அண்ணாச்சி கை கழுவிட்டு வந்து பாக்கையில அங்க சுவருதான் இருந்துச்சு. பொங்கலுக்கு அடிச்ச சுண்ணாம்பு, வெள்ளை வெளேர்னு, ஒரு குறையும் இல்லாம.

அண்ணாச்சி உள்ளங்கையை அதுல வச்சுப் பாத்தாக. எடுத்தாக. கையைத் துடைச்சுக்கிட்டாக.

வடிவக்கா நோட்டைப் பிரிச்சு நாலாயிரம்னு எழுதியிருந்த வரியை அடிச்சாக. "சுவத்துல கறை இல்ல. கொத்த வேண்டியதில்ல" அப்படின்னு சொல்லி, பாக்கி முழுசையும் எண்ணிக் கையில கொடுத்தாக. அண்ணாச்சி வாங்கிச் சட்டைப் பையில வச்சாக. தரையில மஞ்சப்பை மேல அந்த நூறு ரூபா நோட்டுக பதினாலும் அப்படியே கிடந்துச்சு. நாங்க அந்தப் பக்கம் பாக்காத மாதிரி நின்னோம். அண்ணாச்சி குனிஞ்சு அதை எடுத்தாக. எச்சி தொட்டு ஒவ்வொண்ணா எண்ணினாக.

"ஆயிரத்து நானூறு. சரியா இருக்கு. ஒரு தலைதான்."

டெம்போக்காரன் வண்டியைக் கிளப்பிட்டான். எங்க ஊர்ல போற எவனும் போறேன்னு சொல்ல மாட்டான். சாவு வீட்டுல மட்டும்தான் சொல்லாமப் போகலாம், மத்த எங்கயும் வாரேன்னுதான் சொல்லணும், சொன்னா போயிட்டு வாங்கன்னு பதில் சொல்லணும். சின்னப் பிள்ளை தெரியாமப் போறேன்னு சொன்னாக்கூட வாயிலயே ஒரு அடி போடுற ஆளு வடிவக்கா. அண்ணாச்சி வாசல்ல செருப்பை மாட்டினாக, எங்க எல்லாரையும் ஒரு சுத்துப் பாத்தாக, பிறகு வெறும் வீட்டுக்குள்ள அந்தச் சுவத்தைப் பாத்தாக.

"போறேன்" அப்படின்னாக.

வடிவக்கா ஒரு வார்த்தை திட்டல. வாரேன்னு சொல்லியிருந்தா பதில் தயாரா இருந்துச்சு. இதுக்கு என்ன பதில் சொல்லணும்னு எங்க எட்டு வீட்டுல ஒருத்திக்கும் தெரியல, அவுக வண்டி ஏறி முக்குத் திரும்புற வரைக்கும் சும்மாவே நின்னோம்.